சிறிய காரின் இன்சூரன்ஸ் எதை அளக்கிறது?

2014 ஜனவரியில் இந்தியச் சாலைகளுக்கு நன்கு அறிமுகமான ஐந்து சிறிய கார்களைக் ‘குளோபல் என்கேப்’ அமைப்பு மோதவிட்டுப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும். எதிரே வரும் வண்டியிடமிருந்து விலகப் பார்த்து, முடியாமல், ஒரு ஓரமாக மோதிக்கொள்ளும் விபத்தின் மாதிரி அது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்து கார்களுக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்.

ஐந்தும் ஒரே காரணத்தால் தோற்கவில்லை. ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் ஆட்கள் உட்காரும் கூடே நிலைகுலைந்தது. போலோவிலும் ஃபிகோவிலும் கூடு தாக்குப்பிடித்தது. ஆனால் சோதனைக்கு வந்த அடிப்படை மாடலில் தலையையும் மார்பையும் தாங்க ஏர்பேக் இல்லை. ஏர்பேக் இல்லாத போலோவின் விற்பனையை ஃபோக்ஸ்வேகன் நிறுத்தியது. இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி மோதவிட்டபோது அதே கார் நான்கு நட்சத்திரம் வாங்கியது.

பூஜ்யத்திலிருந்து நான்குக்கு ஏறிய அந்தக் காரின் பிரீமியம், அந்த நட்சத்திரத்துக்காக இறங்க வழியில்லை. பிரீமியம் போடும் கணக்கில் நட்சத்திரத்துக்கு இடமே கிடையாது. சிறிய கார் வாங்கும் குடும்பம் எதை நம்பி எதற்குப் பணம் கட்டுகிறது என்று புரிந்துகொள்ள, முதலில் மோதலில் நடப்பதையும் அடுத்து பாலிசியில் எழுதியிருப்பதையும் பார்க்க வேண்டும்.

மணிக்கு 64 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 17.8 மீட்டர். மோதும்போது இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. முன்பகுதி நசுங்கி, உள்ளே இருப்பவர் 60 செ.மீ. தூரத்தில் நின்றால் அவர் உடல் சந்திக்கும் விசை சராசரியாகப் புவியீர்ப்பின் 27 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவரை சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் ஏறக்குறைய 1,900 கிலோ பாரத்துக்கு ஈடான விசையோடு இழுத்துப் பிடிக்கின்றன. தூரம் 30 செ.மீ.யாகக் குறைந்தால் விசை இரண்டு மடங்காகும்.

அதனால்தான் நல்ல காரின் முன்பகுதி நசுங்கும்படியும் உட்கூடு நசுங்காதபடியும் செய்யப்படுகிறது. பம்பருக்குப் பின்னால் இரண்டு சிறிய உலோகப் பெட்டிகள் இருக்கும். ‘கிராஷ் பாக்ஸ்’ என்று பெயர். முதல் அடியை அவை வாங்கி மடிந்துகொள்ளும். அடுத்து நீளமான இரண்டு சட்டங்கள் சுருங்கும். அதையும் தாண்டி வரும் விசையைக் கதவுத் தூண்களும் தரைச் சட்டங்களும் கூட்டைச் சுற்றிப் பின்பக்கம் கடத்திவிடும். இந்த நேரத்தில் சுமார் 30 மில்லி நொடியில் ஏர்பேக் விரிந்திருக்கும். பெல்ட்டில் இருக்கும் ‘பிரீடென்ஷனர்’ தளர்வை இழுத்து உடலை இருக்கையோடு இறுக்கியிருக்கும். கண் இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடுகிறது.

சிறிய காரில் இந்த வேலை கடினம். மூக்கு குட்டை. அதிலும் பெரும்பகுதியை எஞ்சின் அடைத்துக்கொள்கிறது, எஞ்சின் நசுங்காது. மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தில் விசையை உறிஞ்ச வேண்டுமானால் எந்தத் தகடு எங்கே மடிய வேண்டும், எங்கே மடியவே கூடாது என்று மில்லிமீட்டர் கணக்கில் வடிவமைக்க வேண்டும். உயர்வலிமை எஃகு வேண்டும். இரண்டும் செலவு.

‘அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம்’ என்று சொல்வோர் உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு, தன் 50-வது ஆண்டில் இதற்கு நேரடியாகவே விடை சொன்னது. 1959-ம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏரின் உட்கூடு சுருண்டுபோனது. நிஜ மனிதர் ஓட்டியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபு ஓட்டியவருக்குக் காலில் லேசான காயம்தான் ஏற்பட்டிருக்கும். தகட்டின் தடிமனை விட, அது மடியும் விதம்தான் உயிரைக் காக்கிறது.

எடை விஷயம் மட்டும் வேறு. 800 கிலோ காரும் 1,600 கிலோ காரும் தலைக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து பெரிய கார் வந்த திசையிலேயே சுமார் 17 கி.மீ. வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவருக்கு வேகம் 33 கி.மீ. மாறுகிறது. சிறிய காரில் இருப்பவருக்கு 67 கி.மீ.; முன்னே போய்க்கொண்டிருந்தவர் பின்னோக்கித் தள்ளப்படுகிறார்.

இதையும் ஐ.ஐ.எச்.எஸ். 2009-ல் சோதித்தது. ஸ்மார்ட் ஃபோர்டூவை மெர்சிடிஸ் சி-கிளாஸுடனும், ஹோண்டா ஃபிட்டை அக்கார்டுடனும், டொயோட்டா யாரிஸைக் கேம்ரியுடனும் மோதவிட்டார்கள். ஃபிட் என்பது இந்தியாவில் ஜாஸ் என்று விற்ற கார். மூன்று சிறிய கார்களும் தடுப்புச் சோதனையில் ‘நன்று’ என்று பெயர் வாங்கியவை. பெரிய காரோடு மோதியபோது மூன்றும் ‘மோசம்’ என்ற தரத்துக்கு இறங்கின. ஸ்மார்ட் கார் தரையை விட்டு எழும்பிச் சுழன்றது. தடுப்பில் மோதும் கார் தன் சொந்த எடையோடுதான் மல்லுக்கு நிற்கிறது. ஆகவே ஐந்து நட்சத்திரச் சிறிய காரை அதே எடையுள்ள காரோடு ஒப்பிடலாம். இரண்டு டன் எஸ்.யூ.வி.யோடு ஒப்பிடக் கூடாது.

இப்போது பாலிசியைக் கையில் எடுக்கலாம். நாம் ‘ஃபுல் கவர்’ என்று சொல்வதில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று ‘தேர்ட் பார்ட்டி’: நம் வண்டியால் பிறருக்கு நேரும் மரணம், காயம், சேதத்துக்கான ஈடு. சட்டப்படி கட்டாயம், கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். மற்றது ‘ஓன் டேமேஜ்’: நம் காருக்கு ஏற்படும் சேதம், திருட்டு. இதற்கான பிரீமியம் காரின் அப்போதைய மதிப்பான ஐ.டி.வி., வயது, எஞ்சின் அளவு, பதிவான ஊர், நிறுவனத்தின் கிளெய்ம் அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்தது.

விளைவு எப்படி இருக்கிறது? 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் பூஜ்யம் வாங்கிய மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் எஞ்சின் 998 சிசி. 2021-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய டாடா பஞ்ச் 1,199 சிசி. தேர்ட் பார்ட்டி கணக்கில் ஐந்து நட்சத்திரக் கார்க்காரர் ஆண்டுக்கு 1,322 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார்.

இது யாரோ செய்த தவறு அல்ல. தேர்ட் பார்ட்டி பிரீமியம் நம் கார் பிறருக்குச் செய்யும் கேட்டின் விலை. ஓட்டும் உரிமையாளரின் பாதுகாப்பு அதில் வராது. எதிரே வந்தவரின் தவறால் நாம் அடிபட்டால் ஈடு தருவது எதிர் வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனம். நம் காரின் உறுதியான கூடு நம்மைக் காப்பாற்றும்போது மிச்சமாகும் பணம் அந்த நிறுவனத்துக்குத்தான் போகிறது. நம் நிறுவனம் ஏன் தள்ளுபடி தரும்? தவறு நம்முடையதாக இருந்தால் உரிமையாளர்-ஓட்டுநருக்கு உள்ளது 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதன் பிரீமியம் பூஜ்ய நட்சத்திரக் காருக்கும் ஐந்து நட்சத்திரக் காருக்கும் ஒன்றுதான்.

ஓன் டேமேஜ் பகுதியில் இதைவிட உறுத்தலான ஒன்று இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்று இந்திய மோட்டார் டாரிஃப் சொல்கிறது. ஏர்பேக்குக்கு அப்படி ஒரு தள்ளுபடி அதில் இல்லை. அந்தப் பெயர் தேய்மானப் பட்டியலில் வருகிறது: ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, அவற்றோடு ஏர்பேக், எல்லாவற்றுக்கும் 50 சதவீதத் தேய்மானம். ஆறு மாதம் ஆகாத புதுக் காரின் பானெட் நசுங்கினால் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். அதே மோதலில் உயிரைக் காத்து விரிந்த ஏர்பேக்கின் விலையில் பாதியை உரிமையாளர் கையிலிருந்து தர வேண்டும். ‘பம்பர் டு பம்பர்’ என்று ஷோரூமில் சொல்லும் ஜீரோ டெப் கவர் எடுத்திருந்தால்தான் இந்தக் கழிவிலிருந்து தப்பலாம்.

பழைய சிறிய காரில் இது இன்னும் கூர்மையாகும். ஐந்தாறு வருடம் ஓடிய காரின் ஐ.டி.வி. 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தை, அதாவது ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’. ஏர்பேக் ஒருமுறை விரிந்தால் தீர்ந்தது. பெல்ட் பிரீடென்ஷனரும் அப்படியே. கூடவே டேஷ்போர்டு, சென்சார், கட்டுப்பாட்டுக் கருவி, அப்புறம் ரேடியேட்டர், பானெட், டிங்கரிங், பெயின்டிங். சர்வேயரின் கணக்கு ஒன்றரை லட்சத்தை எட்ட அதிக நேரம் ஆகாது. பாதுகாப்பான கார் ஆளைக் காப்பாற்றிவிட்டுத் தான் செலவு வைக்கிறது. ஓன் டேமேஜ் கணக்கின் கண்ணில் படுவது அந்தச் செலவு மட்டுமே.

வேறு நாடுகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி விழுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் காருக்குள் இருப்பவரின் மருத்துவச் செலவும் அவருடைய சொந்தப் பாலிசியில் வருகிறது. அதனால் சிறிய கார் அங்கே காப்பீட்டாளருக்கு மலிவான வாடிக்கை அல்ல. 2017-ம் ஆண்டு மாடல்களை ஆராய்ந்த ஐ.ஐ.எச்.எஸ்., பத்து லட்சம் கார்கள் ஓராண்டு பதிவில் இருந்தால் சராசரியாக 36 ஓட்டுநர்கள் இறப்பதாகக் கணக்கிட்டது. ஃபோர்டு ஃபியஸ்டாவில் அது 141. ஹூண்டாய் அக்சென்ட்டில் 116. இந்த வேறுபாடு காய கிளெய்ம்களாக நிறுவனத்தின் மேசைக்கு வருகிறது, பிரீமியத்தில் ஏறுகிறது. பிரிட்டனில் காப்பீட்டாளர்கள் 1969-ல் நிறுவிய தாட்சம் ஆய்வு மையத்தின் உதவியோடு, கார்களை 1 முதல் 50 வரை குழுக்களாகப் பிரித்தார்கள். 15 கி.மீ. வேகத்தில் மெதுவாக மோதவிட்டு, பழுது பார்க்க எத்தனை மணி நேரம், உதிரிபாகம் என்ன விலை என்று பார்ப்பார்கள். போல்ட் கழற்றி மாற்றக்கூடிய கிராஷ் பாக்ஸ் உள்ள கார் அங்கே பிழைத்துக்கொள்ளும். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் கணக்கில் சேரும்.

இந்தியாவில் கார்கள் மாறிவிட்டன. 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ்., அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், பிறகு முன்னிருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் என்று விதிகள் வந்தன. 2018-ல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் காரானது. மாருதி ஸ்விஃப்ட் 2022-ல் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. அதன் செடான் உறவான டிசையர், புதிய தலைமுறையில் ஆறு ஏர்பேக்குடன் 2024 நவம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள, நான்கு மீட்டருக்கு உட்பட்ட காரிலும் இது முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. 2023 அக்டோபர் 1 முதல் ‘பாரத் என்கேப்’ என்ற சொந்தத் தர மதிப்பீடும் நடைமுறையில் இருக்கிறது. பெரியவர் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49.

காப்பீடு மட்டும் பின்தங்கி நிற்கிறது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. ஓன் டேமேஜ் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கும் உரிமை 2007-லேயே வந்துவிட்டது. திருட்டைத் தடுக்கும் கருவிக்குத் தரும் தள்ளுபடியை உயிரைக் காக்கும் கூட்டுக்கும் தரலாம். குறைந்தபட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டின் விலையையாவது நட்சத்திரத்தோடு இணைக்கலாம். அங்கேதான் காரின் பாதுகாப்பு நேராக நிறுவனத்தின் பணத்தைச் சேமிக்கிறது. ஷோரூமில் 20,000 ரூபாய் குறைவு என்று ஏர்பேக் குறைந்த வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்க நினைப்பவருக்கு அப்படியொரு பிரீமியம் வித்தியாசம் நல்ல யோசனை சொல்லும்.

அதுவரை வாங்குபவர்தான் கவனிக்க வேண்டும். நட்சத்திரம் எந்த ஆண்டு, எந்த வேரியன்ட்டுக்குத் தரப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் குளோபல் என்கேப் விதிகள் கடுமையானதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. ‘கூடு நிலையானது’ என்று அறிக்கையில் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஏர்பேக்கின் எண்ணிக்கை அதற்கு ஈடாகாது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஜீரோ டெப் கவரில் ஏர்பேக் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். பக்கத்திலும் பின்னாலும் உட்காரும் குடும்பத்தாருக்குக் கட்டாய விபத்துக் காப்பீடு பொருந்தாது. பயணிகளுக்கான கவரைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.