நாசரேத் என்னும் ஊர்ப் பெயர்

நாங்குநேரிவாசிகளான நமக்கு ஊர்ப் பெயர்களைப் பற்றி வாதிப்பது பழக்கமான பொழுதுபோக்கு. 'நான்கு ஏரி' என்று பொருள் சொல்வோர் ஒருபுறம். வானமாமலை என்றும் தோதாத்திரி என்றும் அழைத்து மகிழ்வோர் மறுபுறம். ஆனால் சென்ற வாரம் திருச்செந்தூர் ரயிலில் நம்மைச் சிந்திக்க வைத்தது வேறொரு பெயர். நம் ஊர்ப் பெருமாளைப் பாடிய நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன் நாசரேத்! "தமிழ்நாட்டு ஊருக்கு இந்த அந்நியப் பெயர் எதற்கு?" என்று உடன் வந்த நண்பர் சலித்துக்கொண்டார்.

கேள்வி நியாயமானதே. முதலில் பெயரின் பொருளைப் பார்ப்போம். இயேசுநாதர் வளர்ந்த நாசரேத் கலிலேயா மலைநாட்டுச் சிற்றூர். பழைய ஏற்பாட்டில் அதன் பெயரே கிடையாது. எபிரேய மொழியில் 'நேட்சர்' என்றால் தளிர். 'நாட்சர்' என்றால் காவல் காத்தல். இவ்விரண்டில் ஒன்றிலிருந்து பெயர் பிறந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. விரதம் பூண்டவனைக் குறிக்கும் 'நாசீர்' என்ற சொல்லோடு இணைப்போரும் உண்டு. தமிழ் வேதாகமத்திலோ விரதம் பூண்ட சிம்சோனும் நசரேயன். நாசரேத்தூராராகிய இயேசுவும் நசரேயன்! கிரேக்க எழுத்தில் 'ட்ச', 'ஸ' ஒலிகளின் பேதம் மறைந்தமையால் இந்த ஐயம் நீடித்தது. 1962-ல் செசரியாப் பட்டினத்து அகழ்வில் அகப்பட்ட சலவைக்கல் துண்டொன்றில் ஊர்ப் பெயர் எபிரேய எழுத்திலேயே காணப்பட்டது. அதில் இருப்பது 'ட்ச'. எனவே விரதத்தை விட்டுவிடலாம். நமக்குத் தளிரே பிடித்திருக்கிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். புது மதத்தைத் தழுவியதற்காகத் துன்புறுத்தப்பட்ட ஏழைகள் குடியிருக்க, 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்பவரின் முயற்சியால் சாத்தான்குளத்துக்கு அருகே நிலம் வாங்கப்பட்டது. முதற் குடியிருப்பாதலால் முதலூர் என்று நல்ல தமிழ்ப் பெயரே வைத்தார்கள். அதன்பின் எழுந்த குடியிருப்புகளில் ஒன்றுதான், முன்பு சாண்பத்து எனப்பட்ட நாசரேத். அங்கிருந்து நன்மை ஏதும் வருமா என்று நாத்தான்வேல் ஏளனமாய்க் கேட்டதாக யோவான் சுவிசேஷம் கூறும் ஊர் அது. பனையேறிப் பிழைத்து ஏளனத்துக்கு ஆளான மக்களுக்கு அந்தப் பெயர் அந்நியமாய்த் தோன்றியிராது என்பது நம் அபிப்பிராயம்.

நண்பர் பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பாட்டியம்மாள், "நாசரேத்து வந்துட்டுதா ஐயா?" என்று நம்மைக் கேட்டாள். உகரம் சேர்த்து அந்த அம்மாள் சொன்ன பெயரில் எபிரேயமும் இல்லை, கிரேக்கமும் இல்லை.