வேலை முடிந்தது, கணக்கு முடிந்ததா?

வெள்ளவத்தைக் காலி வீதியில் மாலை வேளையில் நடந்து செல்வோர், அங்குள்ள புடவைக் கடைகளைக் கண்டு ஒரு கணமேனும் நில்லாது போதல் அரிது. வாசலில் நின்று வரவேற்பவர், சேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் காட்டுபவர், பின்னர் அவற்றை முகங்கோணாது மடித்து வைப்பவர் யாவரும் கடைச் சிப்பந்திகளே. கொட்டாஞ்சேனையின் அச்சகங்களிலும் பண்டகசாலைகளிலும் பட்டறைகளிலும் இவ்வாறே பலர் நாள் முழுதும் நின்று உழைக்கின்றனர். இவர்களுள் ஒருவர் இருபது வருடம் உழைத்து, முழங்கால் நோவு மேலிட்டு வேலையை விட்டு விலகும் நாளில், அவர் கையில் என்ன இருக்கும்? இவ்வாரம் வாசகர்களுடன் நாம் சிந்திக்க விழைவது இதனையே.

கொழும்பு வணிகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முதலாளி தம் ஊரிலிருந்து ஒரு பையனை அழைத்து வருவார். உண்ண உணவும் உறங்க இடமும் கொடுத்துத் தொழிலும் பழக்குவார். பையனின் தங்கைக்குத் திருமணம் என்றால் முன்பணமும் தருவார். இந்தப் பாசத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், விலகிச் செல்லும் நாளில் ஒரு மோதிரத்தையோ ஒரு கட்டுப் பணத்தையோ கையில் வைத்து, “போய் வா, தம்பி” என்று கூறுவதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. அன்பளிப்பு வேறு, உரிமை வேறு.

சட்டம் கூறுவது யாது?

இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. 1933ஆம் ஆண்டில் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணை நின்றவர்களுள் கொல்வின் ஆர். டி சில்வாவும் ஒருவர். தொழில் நியாய மன்றுகள் 1957ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பின்னரே தோன்றின. 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. பணிக்கொடை என்பது எல்லோருக்கும் பொதுவான கணக்கோடு வரையறுக்கப்பட்டதோ 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தினால்தான்.

ஒருவர் விலகுவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில், எந்த ஒரு நாளிலாயினும் 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த நிறுவனம் இச்சட்டத்துக்கு உட்படும். விலகுபவர் அங்கு ஐந்து ஆண்டுகளேனும் சேவையாற்றியிருத்தல் வேண்டும். முதலாளி விலக்கினாலும், தொழிலாளி தாமே விலகினாலும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றாலும் உரிமை ஒன்றே. அவர் இறந்துபோனால் அத்தொகை அவருடைய வாரிசுகளைச் சேரும். மாதச் சம்பளம் பெறுபவருக்குப் பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளமும், ஏனையோருக்குப் பதினான்கு நாட் சம்பளமும் கணக்கிடப்படும். இக்கணக்குக்கு அடிப்படையாவது இறுதியாகப் பெற்ற சம்பளமே.

தாமதத்தின் விலை

விலகிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும். தவறினால் மிகைக்கட்டணம் ஏறத் தொடங்கும். தாமதம் ஒரு மாதத்துக்கு உட்பட்டதாயின் நூற்றுக்கு 10, மூன்று மாதம் வரை 15, ஆறு மாதம் வரை 20, ஓராண்டு வரை 25, அதற்கு மேல் 30 வீதம் தொழிலாளிக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் காண்போம். ஒரு சிப்பந்தி இறுதியாக மாதம் 60,000 ரூபா பெற்று, பன்னிரண்டு ஆண்டு உழைத்து விலகுகின்றார் எனக் கொள்வோம். அவருக்குரிய பணிக்கொடை 3,60,000 ரூபா. கொடுப்பனவு ஏழு மாதம் பிந்தினால் மேலும் 90,000 ரூபா சேர்ந்து 4,50,000 ரூபாவாகும். ஓராண்டைத் தாண்டினால் 4,68,000 ரூபாவாகும். “வியாபாரம் மந்தம், பிறகு பார்ப்போம்” என்னும் சொல்லுக்கு உரிய விலை இதுவே.

அப்பொழுதும் கொடாதவர் மீது தொழில் ஆணையாளர் நடவடிக்கை எடுக்கலாம். அவருடைய சான்றிதழின் பேரில் மாவட்ட நீதிமன்று சொத்தைக் கைப்பற்றி விற்கக் கட்டளையிடலாம். அது சாத்தியமில்லையெனில், நீதவான் அத்தொகையைக் குற்றப்பணம் போல அறவிடலாம்.

முதலாளியின் பக்கத்தையும் சட்டம் மறக்கவில்லை. மோசடி, நிதிக் கையாடல், உடைமைக்கு வேண்டுமென்றே விளைத்த சேதம் முதலிய காரணங்களுக்காக ஒருவர் விலக்கப்பட்டிருந்தால், நேர்ந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பிடித்துவைக்கலாம். ஆனால் “சொல்லாமல் போய்விட்டான்” என்ற மனத்தாங்கல் அந்தக் காரணங்களுள் ஒன்றன்று.

சிறு கடைச் சிப்பந்திகள்

பதினைந்து பேருக்குக் குறைந்த கடைகளே நம் தெருக்களில் மிகுதி. அங்கு உழைத்தவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், தொழில் நியாய மன்றில் பணிக்கொடை கோரி விண்ணப்பிக்கலாம். விலகிய நாளிலிருந்து சட்டம் குறித்துள்ள காலத்துக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். ஊர் நியாயம் பேசிக்கொண்டே இக்காலத்தைக் கடத்திவிடுதல் பெரும் இழப்பாகும்.

சேமலாப நிதி முற்றிலும் வேறானது. தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு 12. இவை மாதந்தோறும் செலுத்தப்பட வேண்டியவை. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி செலுத்துவது 3 வீதம். “சேமலாப நிதி கட்டினேனே, பணிக்கொடை எதற்கு?” என்று கேட்பது, வாடகை கொடுத்தேனே, மின்கட்டணம் எதற்கு என்று கேட்பதை ஒக்கும்.

ஆகவே உழைப்போர் தம் நியமனக் கடிதத்தையும் சம்பளத் துண்டுகளையும் சேமலாப நிதி இலக்கத்தையும் ஒரு கோவையிலிட்டுப் பாதுகாத்தல் நன்று. முதலில் கடிதம் மூலம் கேளுங்கள். அதன் பிரதியை வைத்திருங்கள். பதில் இல்லையேல் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தையோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தையோ நாடுங்கள். உப்பிட்டவர் மீது முறையிடுவதா என்று பலர் கூசுகின்றனர். அந்த உப்பின் விலையை இருபது ஆண்டு உழைப்பால் அவர்கள் என்றோ தீர்த்துவிட்டார்கள்.

முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு முடிவில் சரக்கிருப்பைக் கணக்கெடுக்கும்போது, ஒவ்வொரு சிப்பந்திக்கும் அவ்வாண்டுக்குரிய அரை மாதச் சம்பளத்தையும் ஒதுக்கி வைப்பீர்களாக. சிறிது சிறிதாகச் சேர்த்த தொகை, கொடுக்கும் நாளில் சுமையாகத் தோன்றாது. பெற்றுச் செல்பவரும் ஊரிலே உங்கள் கடையின் பெயரை நிமிர்ந்து சொல்வார்.