கேத்தல் பிளக்கில் அரை ஓம்

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் கடற்காற்றுப் படும் வீடுகளில் உப்பு எதையும் விட்டுவைக்காது. கேற் கொண்டி, சைக்கிள் செயின், யன்னல் கம்பி எல்லாம் கண் முன்னாலேயே துருவேறும். சுவர்ப் பிளக்கின் பித்தளையில் பிடிக்கும் பச்சைக் களிம்பு மட்டும் கண்ணில் படுவதில்லை. கேத்தலைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் பிளக் சுட்டால், "கரண்ட் கூடிப்போச்சு" என்போம். கூடியது கரண்ட் அல்ல, ஓம்.

மின்சாரம் ஓடவிடாமல் ஒரு பொருள் காட்டும் தடையை ஓமில் அளக்கிறோம். ஒரு வோல்ற் கொடுத்து ஒரு அம்பியர் ஓடினால் தடை ஒரு ஓம். நம் வீட்டு 230 வோல்ற்றில் 1500 வாற்றுக் கேத்தல் ஆறரை அம்பியர் இழுக்கும். அதன் சுருளின் தடை சுமார் 35 ஓம். தண்ணீரைக் கொதிக்கவைப்பது அந்தத் தடைதான். களிம்பேறிய பிளக்கில் இன்னொரு அரை ஓம் சேர்ந்தால், அங்கே பிறக்கும் வெப்பத்தை அறியக் கரண்டை அதே கரண்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்க வேண்டும்: 21 வாற்று. சொற்பம்தானே? ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சின்னப் பற்றாசுக்கோல் 25 வாற்றுதான்.

இந்தக் கணக்கின் அடிப்படையை 1827இல் நூலாக வெளியிட்டவர் கேயோர்க் சைமன் ஓம், ஜேர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். ஊரில் அதை மதித்தவர் குறைவு. 1841இல் லண்டன் றோயல் சொசைற்றி கொப்லி பதக்கம் கொடுத்தது. ஆனால் தடைக்கு ஓர் அலகு வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் தந்திக்காரர்கள். கொழும்புக்கும் காலிக்கும் தந்தி வந்த அதே 1858இல் அத்திலாந்திக் கடலடிக் கேபிள் சில கிழமைகளில் செத்துப்போனது. கடலுக்குள் எங்கே பழுது என்று யார் இறங்கிப் பார்ப்பது? மைலுக்கு எவ்வளவு தடை என்று தெரிந்தால், கரையிலிருந்தே அளந்து தூரத்தைக் கணிக்கலாம். 1861இல் மின் அலகுகளுக்குப் பெயர் சூட்ட முனைந்த தந்திப் பொறியாளர்கள் கிளார்க், பிறைற் இருவரும் ஓமின் பெயரை மின்னழுத்தத்துக்கும் வோல்ற்றாவின் பெயரைத் தடைக்கும் வைக்கச் சொன்னார்கள் என்பது வேடிக்கை. பிறகு இரு பெயர்களும் இடம் மாறின. 1893இல் உருகும் பனிக்கட்டியின் குளிரில் வைத்த 106.3 சென்ரிமீற்றர் பாதரச நிரலின் தடையே ஒரு ஓம் என்று ஏற்றார்கள்.

கடையில் வாங்கும் மலிவான மீற்றரில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அது அதன் வயரின் தடை. ஆகவே பிளக்கின் அரை ஓமைப் பிடிக்கக் கைதான் சுலபம். தண்ணீர் கொதித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பிளக்கையும் சொக்கற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். உரஞ்சித் துடைத்தால் அடுத்த மாரிக்குள் களிம்பு திரும்பி வரும்.