வாடகை மேசையில் சொந்தக் கதை

கடந்த கோடையில் அமெரிக்காவில் உள்ள மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மாலைதோறும் என் பேரனின் நண்பர்கள் நால்வர் அங்கு கூடுவார்கள். உணவு மேசை மீது பலநிறப் பகடைகள், பென்சில்கள், தாள்கள், ஒரு மடிக்கணினி. பேரன் கதையை விவரிப்பான். மற்ற நால்வரும் தத்தம் பாத்திரமாகவே நின்று, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதைச் சொல்வார்கள். முயற்சி பலித்ததா, இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும்.

"இதில் யார் ஜெயிப்பது?" என்று கேட்டேன். "யாரும் ஜெயிக்கறதில்ல தாத்தா. கதை போய்க்கிட்டே இருக்கும்" என்றான். அந்தக் கதை மூன்று ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை அது நின்றுபோனது. அதுவரையிலான குறிப்புகள் அனைத்தையும் அவர்கள் ஓர் இணையச் சேவையில் எழுதி வைத்திருந்தனர். அந்தச் சேவை தனது இலவசத் திட்டத்தின் அளவைக் குறைத்துவிட்டது. பழைய குறிப்புகளைத் திறக்க இனி மாதச் சந்தா கட்ட வேண்டும். "எல்லாம் நாங்க எழுதினதுதானே தாத்தா? அதைப் படிக்க நாங்களே ஏன் காசு கட்டணும்?" என்று பேரன் கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

அது எந்த விளையாட்டு என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதிலிருந்து கிளைத்தவையே இன்று உலகெங்கும் ஆடப்படும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகள். சதுரங்கம்போல் இதில் இரு தரப்புகள் மோதுவதில்லை. ஒருவர் உலகத்தைப் படைத்து நடத்துகிறார். அவரைக் கதை நடத்துநர் எனலாம். மற்றவர்கள் அவ்வுலகில் வாழும் பாத்திரங்களாகிறார்கள். ஒரே கதை வாரக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் நீள்வதை 'கேம்பெயின்' என்பார்கள். தொடராட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

தொடராட்டத்தின் உயிர் நினைவில் இருக்கிறது. சென்ற ஆண்டு சத்திரத்தில் சந்தித்த வணிகரின் பெயர் என்ன? அவருக்குத் தர வேண்டிய கடன் எவ்வளவு? எரிந்துபோன ஊரில் தப்பியவர் யார்? இவற்றை யாராவது குறித்து வைத்திருந்தால்தான் அடுத்த வாரக் கதைக்குப் பொருள் உண்டு. 1979-இல் வெளிவந்த நடத்துநர் கையேட்டிலேயே, கதைக்குள் கழியும் நாள்களுக்குக் கண்டிப்பான கணக்கு வைக்க வேண்டும் என்று கைகாக்ஸ் வலியுறுத்தியிருந்தார். அந்தக் கணக்கைப் பல பத்தாண்டுகள் சுமந்தவை கட்டம்போட்ட தாள்களும் நோட்டுப் புத்தகங்களும்தான்.

கணினி அந்தச் சுமையை மூன்று வகையில் இறக்கி வைத்தது. முதல் வகை, விதிகளையும் பாத்திரங்களின் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் கருவிகள். ஒரு பாத்திரத்தின் வலிமை ஒரு படி உயர்ந்தால், அதைச் சார்ந்த எண்களை எல்லாம் அவையே மாற்றிவிடும். 2017-இல் தொடங்கிய 'டி அண்ட் டி பியாண்ட்' இவ்வகையில் முதன்மையானது. இரண்டாம் வகை, மெய்நிகர் மேசைகள். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே வரைபடத்தைத் திரையில் பார்த்துக் காய் நகர்த்தவும், பகடை உருட்டவும் இவை உதவுகின்றன. 2004-இல் வந்த 'ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ்', 2012-இல் வந்த 'ரோல் 20', 2020-இல் வந்த 'ஃபவுண்ட்ரி' ஆகியவை இவ்வகை. மூன்றாம் வகை, நினைவுக் கருவிகள். கதையின் ஊர்கள், மாந்தர்கள், வரலாறு ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைத்துக் கலைக்களஞ்சியம்போல் எழுதி வைக்க உதவும் 'வேர்ல்ட் அன்வில்' போன்ற தளங்களும், 'அப்சிடியன்' போன்ற பொதுவான குறிப்பேட்டுச் செயலிகளும் இதில் அடங்கும்.

இவற்றின் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. கல்லூரிக்கும் வேலைக்கும் என ஊர் ஊராகச் சிதறிய நண்பர்கள், ஆட்டத்தை விட்டுவிடாமல் தொடர இவை வழிசெய்தன. கரோனா முடக்கக் காலத்தில், வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்களை வாரம் ஒருமுறை ஒன்றுசேர்த்த மேசைகளில் இவையும் உண்டு. கூட்டல் கழித்தலில் கழிந்த நேரம் கதைக்குக் கிடைத்தது.

ஆயினும், இந்தக் கருவிகளுக்கு மதிப்பைத் தருவது யார் என்று பார்க்க வேண்டும். நிறுவனம் விதிகளையும் மென்பொருளையும் தருகிறது. அந்தக் கட்டடத்துக்குள் மூன்று ஆண்டுகள் எழுதிச் சேர்க்கப்படும் கதையோ ஆடுபவர்களின் உழைப்பு. கூலியில்லாத, விருப்பத்தால் செய்யப்படும் உழைப்பு. எழுத எழுத அது மூலதனமாகச் சேர்கிறது. அந்த மூலதனம் இருப்பதோ இன்னொருவரின் இடத்தில்.

வேளாண் பொருளாதாரத்தில் இதற்கு நெருக்கமான பழைய சிக்கல் ஒன்று உண்டு. குத்தகை நிலத்தில் கிணறு வெட்டுபவரின் நிலை அது. கிணறு வெட்டும்வரை அவர் வேறு நிலம் தேடிச் செல்லலாம். வெட்டிய பிறகு, கிணற்றைத் தூக்கிக்கொண்டு செல்ல முடியாது. அடுத்த ஆண்டு குத்தகையை உயர்த்தினாலும் அவர் பணிந்துதான் ஆக வேண்டும். ஒரு சேவையை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதால் நேரும் இழப்பைப் பொருளியலில் 'மாறுதல் செலவு' என்கிறோம். தொடராட்டத்தில் இந்தச் செலவு, எழுதப்படும் ஒவ்வொரு பக்கத்தோடும் கூடிக்கொண்டே போகிறது.

இது வெறும் ஊகமன்று. 2008-இல் இந்த விளையாட்டின் நான்காம் பதிப்பு வந்தபோது, அதன் உரிமையாளரான 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 'டி அண்ட் டி இன்சைடர்' என்ற சந்தாச் சேவையைத் தொடங்கியது. அதன் பாத்திரம் உருவாக்கும் மென்பொருள் முதலில் அவரவர் கணினியில் நிறுவிக்கொள்ளும் வகையில் இருந்தது. 2010-இல் அது இணையத்தில் மட்டுமே இயங்கும் கருவியாக மாற்றப்பட்டது. அது சார்ந்திருந்த மைக்ரோசாஃப்ட்டின் 'சில்வர்லைட்' தொழில்நுட்பம் வழக்கொழிந்துவர, 2020 ஜனவரி முதல் அந்தக் கருவிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சான விதிப்புத்தகத்தை இன்றும் பிரித்து ஆடலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் சந்தா கட்டிய கருவியைத் திறக்கக்கூட வழியில்லை.

2022-இல், அந்நிறுவனத்தின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ, அதுவரை வேறொருவர் கையில் இருந்த 'டி அண்ட் டி பியாண்ட்' தளத்தை 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. விதிகளின் உரிமை ஏற்கெனவே ஹாஸ்ப்ரோவிடம்தான் இருந்தது. அப்படியானால் இவ்வளவு பெரிய தொகைக்கு அது வாங்கியது எதை? மென்பொருளையும் அதைக் கட்டிய ஊழியர்களையும் மட்டுமன்று. ஏறத்தாழ ஒரு கோடிப் பதிவுபெற்ற பயனர்களையும், அவர்கள் அங்கே சேர்த்து வைத்திருந்த பாத்திரங்களால் உருவான பிணைப்பையும் சேர்த்துத்தான்.

அந்தப் பிணைப்பு எவ்வளவு வலியது, எங்கே அறுபடும் என்பதை அடுத்த ஆண்டே பார்த்தோம். 2000-ஆம் ஆண்டில் இதே நிறுவனம் 'திறந்த விளையாட்டு உரிமம்' ஒன்றை வெளியிட்டிருந்தது. விளையாட்டின் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்திக் கதைகளையும் நூல்களையும் வெளியிட்டு விற்கலாம் என்றது அது. ஒரு விளையாட்டின் மதிப்பு அதை ஆடத் தெரிந்தவர்களின் வலைப்பின்னலில் இருக்கிறது. பிறர் அதற்காக எழுத எழுத அந்த வலை விரியும் என்ற பொருளியல் வாதத்தை அன்று முன்வைத்தவர் அந்நிறுவனத்தின் ரயன் டான்சி. அவருடைய கணிப்பு பலித்தது. சிறு பதிப்பகங்கள் பல இதை நம்பி முளைத்தன.

2023 ஜனவரியில், அந்த உரிமத்தைச் செல்லாததாக்கும் புதிய வரைவு ஒன்று கசிந்தது. ஆண்டு வருவாய் 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். பிறர் எழுதியதை நிறுவனம் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் விதிகள் இருந்தன. ஆடுபவர்கள் கொதித்தெழுந்தனர். தெருவில் இறங்கவில்லை, 'டி அண்ட் டி பியாண்ட்' சந்தாவை ரத்து செய்தனர். போட்டி நிறுவனமான 'பைசோ', எவராலும் திரும்பப் பெற முடியாத மாற்று உரிமம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தது. அந்த மாத இறுதிக்குள் விசர்ட்ஸ் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடவில்லை. அத்துடன், அடிப்படை விதித் தொகுப்பைக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின் கீழும் வெளியிட்டது. அந்த உரிமத்தை ஒருமுறை அளித்துவிட்டால் திரும்பப் பெற இயலாது.

2024 ஆகஸ்டிலும் இதே நாடகம் சிறிய அளவில் நிகழ்ந்தது. திருத்திய விதிகள் வெளிவரவிருந்த நிலையில், ஏற்கெனவே உருவாக்கப்பட்ட பாத்திரங்களின் தாள்களிலும் பழைய மந்திரங்கள், பொருள்கள் ஆகியவற்றின் இடத்தில் புதியவை வந்துவிடும் என்று அறிவிக்கப்பட்டது. பாதியில் நிற்கும் கதைக்குள் வேறொருவர் கைவைப்பதற்கு ஒப்பானது இது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது.

நிறுவனங்களின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். சர்வர்களை இயக்கவும், பிழைகளைத் திருத்தவும், ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஊதியம் தரவும் பணம் வேண்டும். ஒருமுறை விற்றுக் கிடைத்த காசில் காலம் முழுதும் சேவை செய் என்று எவரையும் கேட்க முடியாது. மேலும், இத்துறையில் எல்லா முயற்சியும் வெல்வதில்லை. விசர்ட்ஸ் நிறுவனம் பெரும் எதிர்பார்ப்போடு 2025-இல் வெளியிட்ட 'சிஜில்' என்ற முப்பரிமாண மேசையை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர், அது வெளிவந்த சில வாரங்களிலேயே வேலை இழந்தனர். ஆகவே, சந்தா கேட்பதே குற்றம் என்பது என் வாதமன்று. மேசைக்கு வாடகை கேட்கலாம். மேசை மீது வைத்த எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளலாகாது என்பதே வாதம்.

அப்படிப் பூட்டாமலும் தொழில் நடத்த இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 'ஃபவுண்ட்ரி' மென்பொருளை நடத்துநர் ஒருவர் ஒருமுறை விலைகொடுத்து வாங்கித் தமது கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். மற்றவர்கள் கட்டணமின்றி உலாவி வழியே சேர்ந்துகொள்ளலாம். கதையின் தரவு அவர் கணினியிலேயே இருக்கும். 'அப்சிடியன்' குறிப்புகளை எளிய உரைக் கோப்புகளாகப் பயனரின் கணினியில் சேமிக்கிறது. அந்தச் செயலியே நாளை மறைந்தாலும், எந்தச் சாதாரண மென்பொருளிலும் அவற்றைத் திறந்து படிக்கலாம். இவ்வழியில் இடர் இல்லாமல் இல்லை. கணினி பழுதானால் பொறுப்பு நம்முடையது. நகல் எடுத்து வைக்கும் ஒழுங்கு வேண்டும். உரிமை என்றாலே பராமரிப்பும் அதனுடன் வரும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்று இளைஞர்கள் என்னைக் கேட்டால், வசதிகளின் பட்டியலைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். எழுதியவை அனைத்தையும் ஒரே நாளில் வெளியே எடுக்க முடியுமா? எடுத்ததை வேறு மென்பொருளில் படிக்க முடியுமா? சந்தாவை நிறுத்திய பின்னரும், சேர்க்க இயலாவிட்டாலும் படிக்கவாவது முடியுமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் தயங்காமல் பணம் கட்டலாம். 'இல்லை' என்று வந்தால், அந்தச் சேவை இலவசமானாலும் விலை அதிகம். முக்கியமாக, இவற்றைக் கேட்க வேண்டிய நேரம் முதல் பக்கம் எழுதும் முன். முந்நூறாவது பக்கத்தில் கேட்பவர் கிணறு வெட்டி முடித்தவர்.

பேரனும் நண்பர்களும் கடைசியில் ஆளுக்குச் சிறிது பணம் போட்டு ஒரு மாதச் சந்தா கட்டினார்கள். இரண்டு சனிக்கிழமைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மூன்று ஆண்டுக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து எளிய கோப்புகளாக்கினார்கள். பக்கங்களைப் பிணைத்திருந்த இணைப்புகள் அறுந்துபோயின. வரைபடங்களின் மீது குறித்திருந்த அடையாளங்கள் வரவில்லை. விட்டுப்போனவற்றில் சிலவற்றை, அக்குழுவில் ஒரு பெண் தனக்காகக் கையால் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகம் மீட்டுக்கொடுத்தது.

மூன்றாவது சனிக்கிழமை கதை மீண்டும் தொடங்கியது. நான் ஊர் திரும்பும்போது பேரனுக்குத் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். "இதுக்குச் சந்தா உண்டா தாத்தா?" என்று கேட்டுச் சிரித்தான். இல்லை என்றேன், ஆனால் மழையில் நனையாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்தேன்.