கலப்பின எருமைக் கன்றும் சினைக்காலமும்

பசு ஏறக்குறைய 280 நாட்களில் கன்று ஈனும். முர்ரா முதலிய ஆற்றெருமைகளுக்குச் சினைக்காலம் சுமார் 310 நாட்கள். பிலிப்பைன்ஸ், சீனம் முதலிய தேசங்களில் உழவுக்குப் பழகிய சதுப்பு நில எருமைகளுக்கோ சுமார் 330 நாட்கள். இவ்விரு ஜாதிகளும் கலந்தால், சினைக்காலம் பெரும்பாலும் இடைப்பட்டதாகவே அமைகின்றது. ஈற்று வேளையை நிர்ணயிப்பதில் தாய்க்கு மட்டுமன்றிக் கருவிலுள்ள கன்றுக்கும் பங்குண்டு. அக்கன்றோ தந்தையின் இயல்பிலும் பாதியைப் பெற்றது என்பதே இதற்குக் காரணம்.

கன்றின் எடையும் இவ்வாறே. பெரிய முர்ராக் கடாவுக்குச் சிறிய நாட்டெருமையை விட்டால், கன்று தாயினத்துக் கன்றினும் கனத்துப் பிறப்பது இயல்பு. இளைத்துப் பிறக்கும் கன்றைவிட இது நன்கு தேறும். ஆயினும், தலையீற்றுக் கிடாரியின் இடுப்பு குறுகியதாயின், அக்கனமே அபாயமாகும். ஆகவே, வளர்ச்சி நிரம்பாத கிடாரியைப் பெரிய கடாவுக்கு விடலாகாது.

அங்கத்தினர்கள் சினைக்கு விட்ட தேதியைத் தவறாது குறித்து வைத்தல் வேண்டும். குறிப்பிருந்தால், ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்னரே பாலை வற்றச் செய்து தாயைத் தேற்றலாம். பசுவின் கணக்கை எருமைக்கு வைத்து, நாள் கடந்ததென்று கன்றை இழுப்பது, இரண்டு உயிர்களையும், எருமைக்கு வாங்கிய கடனைத் தீர்க்கும் வழியையும் ஒருங்கே இழப்பதாகும்.