மோட்ஸ்-சி: 16 அமினோ அமிலங்களும் ஒரு ஃப்ரிட்ஜ் பாட்டிலும்

கல்லூரி நண்பன் ஒருவன் போன மாதம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கட்டைவிரல் அளவுக் கண்ணாடி பாட்டில், உள்ளே வெள்ளைப் பொடி, லேபிளில் 10 மில்லிகிராம், கீழே பொடி எழுத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும்". "மோட்ஸ்-சி டா. சர்க்கரை, வெயிட், வயசு எல்லாத்துக்கும் ஒரே ஊசியாம். மெட்ஃபார்மினை நிறுத்திட்டு இதைப் போடலாம்னு பாக்குறேன். நீதான் பேப்பர் எல்லாம் படிப்பியே, சொல்லு" என்றான். நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுகிறவன். ஆனாலும் நிறுத்தப்போகிறேன் என்று அவன் சொன்னது உறுத்தியதால் மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

விஷயம் உண்மையிலேயே சுவாரசியமானது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. மொத்தம் 16,569 எழுத்து, 37 ஜீன், அவற்றில் 13 மட்டுமே புரதம் செய்பவை என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். மீதி 24-ம் ஆர்.என்.ஏ.வோடு சரி. 2015-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாங்ஹான் லீ, பின்காஸ் கோஹென் குழு அந்த 24-ல் ஒன்றான 12எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. ஜீனுக்குள்ளேயே ஒரு குட்டிப் புரதத்துக்கான குறிப்பு ஒளிந்திருப்பதைக் காட்டியது. நீளம் 16 அமினோ அமிலம். கமென்ட் என்று நினைத்துத் தாண்டிப்போன வரிகளுக்குள் ஓடக்கூடிய ஃபங்ஷன் கிடைத்த மாதிரி.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபுக்குறியீட்டில் இந்த வரியைப் படித்தால், ஆரம்பித்த அடுத்த குறியீடே 'நிறுத்து' என்று வந்துவிடும். செல்லின் பொதுக் குறியீட்டில் அதே மூன்றெழுத்து ஆர்ஜினின். அதனால் ஆர்.என்.ஏ. வெளியே சைட்டோபிளாசத்துக்கு வந்து, அங்கேதான் புரதமாக வேண்டும். ஒரே ஃபைல், கம்பைலர் மட்டும் வேறு.

இது செய்கிற வேலை? ஃபோலேட் சுழற்சியில் கை வைக்கிறது, அதனால் ஐகார் என்ற மூலக்கூறு சேர்கிறது, அது ஏ.எம்.பி.கே. என்கிற நொதியைத் தட்டி எழுப்புகிறது. செல்லில் பெட்ரோல் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு மாதிரி அந்த நொதி. அது எழுந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், கொழுப்பை எரிக்கும். கொழுப்புத் தீனி போட்ட எலிகளுக்கு இந்த ஊசி போட்டபோது, அதே அளவு தின்றும் அவை குண்டாகவில்லை. 2021-ல் வந்த அடுத்த ஆய்வில், 22 மாதக் கிழட்டு எலிகள் இரண்டு வார ஊசிக்குப் பிறகு ட்ரெட்மில்லில் இரண்டு மடங்கு நேரம் ஓடின.

விற்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் கால்குலேட்டரை எடுத்தேன். அதே ஆய்வில் வயதான எலிகளுக்கு வாரம் மூன்று முறை கொடுத்த அளவு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். எலிக் கணக்கை மனிதக் கணக்காக்க சுமார் 12-ஆல் வகுப்பது வழக்கம். நண்பனின் எடை 80 கிலோ, ஆக ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம். அவன் கையில் இருப்பது மொத்தமே 10. உள்ளே இருப்பது அதுதானா, சுத்தமானதா என்பதற்கு அந்த லேபிளைத் தவிர சாட்சி கிடையாது.

மனிதர்களிடம் சோதித்ததே இல்லையா என்றால், நேரடியாக மோட்ஸ்-சி அல்ல, அதை மாற்றிச் செய்த சி.பி.4211 என்ற மருந்தைச் சோதித்தார்கள். சோதித்த கோபார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அதே கோஹெனும் ஒருவர் (இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்). ஊசி போட்ட இடத்தில் வந்த எதிர்வினையால் 2018-ல் சோதனை நின்று, பிறகு தொடர்ந்தது. கடைசிக் கட்டத்தில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்த 20 பேர், நான்கு வாரம். கல்லீரல் நொதிகளும் சர்க்கரையும் குறைந்தன. நல்ல செய்திதான், ஆனால் 20 பேர். மருந்து கடைக்கு வரும்வரை போகவில்லை.

இன்னொரு சங்கதி. ஜப்பானியர்கள் சிலருக்கு இந்தப் புரதத்தின் 14-வது அமினோ அமிலம் மாறியிருக்கும். அந்த மாற்றம் அவர்களின் நீண்ட ஆயுளோடு சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று 2015-ல் ஒரு குழு எழுதியது. 2021-ல் வேறொரு ஆய்வு, அதே மாற்றம் உள்ள ஆண்களில், குறிப்பாக உடலை அசைக்காதவர்களில், சர்க்கரை நோய் அதிகம் என்றது. பெண்களில் அப்படி இல்லை. ஒற்றை எழுத்தே இவ்வளவு குழப்புகிறது.

நண்பனுக்கு நான் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, அவன் நிறுத்த நினைக்கும் மெட்ஃபார்மினும் ஏ.எம்.பி.கே.வைத் தூண்டுவதுதான், அதுவும் பல்லாண்டு மனித அனுபவத்தோடு. இரண்டு, 2021 ஆய்விலேயே 10 இளைஞர்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்துத் தசையை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பே சுரந்த மோட்ஸ்-சி தசையில் கிட்டத்தட்ட 12 மடங்கு ஏறியிருந்தது. ரத்தத்தில் ஒன்றரை மடங்குதான், அதுவும் நாலு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

"அப்போ சைக்கிள் வாங்கணுமா?" என்று கேட்டான். மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டரிடம் பாட்டிலைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இன்னும் காட்டவில்லை. அது அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.