சம்பாதித்தவர் கணவர், சொத்தில் பாதி மனைவிக்கு!

தண்டையார்பேட்டையில் இது வழக்கமான காட்சிதான். கணவர் துறைமுகத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார். அல்லது காசிமேட்டில் இருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறார். சிலர் வளைகுடா நாட்டுக்கே போய்விடுகிறார்கள்.

வீட்டில் இருப்பவள் மனைவி. தண்ணீர் பிடிப்பதும், பிள்ளையைப் படிக்க வைப்பதும், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், சீட்டுக் கட்டுவதும் அவள்தான்.

ஒரு நாள் சண்டை முற்றுகிறது. "வீடு என் சம்பாத்தியம். வெளியே போ!" என்கிறார் கணவர்.

போகவேண்டுமா?

வேண்டாம். குடித்தனம் நடத்திய வீட்டில் இருந்து மனைவியை அப்படித் துரத்திவிட முடியாது. 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

சரி, சொத்தில் பங்கு உண்டா?

சவுதியில் இருந்து வந்த பணம்

சென்னை ஐகோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. கணவர் 1983 முதல் 1994 வரை சவுதி அரேபியாவில் வேலை பார்த்தார். பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்தார். சொத்து வாங்கினார்கள்.

திரும்பி வந்த கணவர், "எல்லாம் என் பணம்" என்று கோர்ட்டுக்குப் போனார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நடுவில் கணவர் இறந்தார். பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள்.

2023 ஜூன் மாதம் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புக் கூறினார். சமையல், வைத்தியம், வரவு செலவு என்று மனைவி ஓய்வில்லாமல் உழைத்ததால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே, அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் அவருக்குச் சரிபாதி உண்டு என்றார்.

இந்த வேலைக்கெல்லாம் சம்பள ரசீது எந்த வீட்டில் இருக்கிறது? கோர்ட்டு அதைக் கணக்கில் எடுத்ததுதான் புதுமை.

ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. இது விவாகரத்து வழக்கு அல்ல. விவாகரத்து ஆனதும் பாதிச் சொத்து தானாக வந்துவிடாது. கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்துச் சட்டம் அப்படி இருக்கிறது. இங்கே வழக்காடித்தான் பெறவேண்டும்.

தாய்வீட்டு நகை வேறு விஷயம். அது மனைவியின் சொந்தச் சொத்து. கணவர் கஷ்டத்துக்கு வாங்கி அடகு வைத்திருந்தாலும் திருப்பித் தரவேண்டும்.

அடுப்பு எரிய வேண்டாமா?

சொத்து வழக்கு முடிய நாளாகும். அதுவரை சாப்பாட்டுக்கு?

ஜீவனாம்சம் கேட்கலாம். விவாகரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த மதத்தவரும் கேட்கலாம். பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். பழைய சட்டத்தில் இது 125-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது. 2001-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

"எனக்கு வருமானமே இல்லை" என்று கையை விரிக்கும் கணவர்கள் உண்டு. அதற்கு 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி செய்தது. இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கவேண்டும். மனுப்போட்ட நாளில் இருந்தே பணம் கணக்காகும். உத்தரவுக்குப் பிறகும் காரணமின்றிக் கொடுக்காவிட்டால், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை ஜெயில்!

தக்க காரணம் இல்லாமல் மனைவி பிரிந்து போனால் இந்தப் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கிடையாது. பிழைக்க வழியில்லாத கணவரும், இந்து திருமணச் சட்டப்படி, மனைவியிடம் கேட்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போகும்போது கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பாங்கிப் புத்தகம், நகை ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.